எஸ்.ஜி.பி.டி. 34 என்றால் ஈரல் பத்திரமா?

"ஈரல் ரிப்போட் நோர்மல்தான் டொக்டர், இந்தா பாருங்க" என்று ஒருவர் கடதாசியை நீட்டுகிறார். வயிறு தண்ணீர் கோத்து ஊதியிருக்கிறது, கண் மஞ்சள், வீங்கிய காலில் செருப்பு நுழையவில்லை. கடதாசியில் இருப்பது ஒரே ஒரு டெஸ்ட்: எஸ்.ஜி.பி.டி. 34. ஹட்டன் டவுனில் தானாகவே போய் எடுத்தது. அந்தத் தைரியத்தில் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைத் தொடர்ந்து குடித்திருக்கிறார். இப்படி இன்னும் எத்தனை பேரைப் பார்ப்பது?

எஸ்.ஜி.பி.டி. ஈரலின் வேலையை அளப்பதில்லை. அது ஈரல் கலங்களுக்குள் இருக்கும் நொதியம். கலம் உடைந்தால் இரத்தத்தில் கசியும். இப்போது எவ்வளவு உடைகிறது என்பதை மட்டுமே அந்த எண் காட்டும். வருடக்கணக்காகக் குடித்துத் தழும்பேறிய ஈரலில் உடைவதற்குக் கலங்களே அதிகம் மிச்சமில்லை. எரிந்து முடிந்த லயத்து வீட்டிலிருந்து புகை வராதுதானே? சிரோசிஸ் என்ற இந்தத் தழும்பு நோய் முற்றியவருக்கும் எஸ்.ஜி.பி.டி. நோர்மலாக வரலாம். திரும்பவும் சொல்கிறேன், வரலாம். மறுபக்கம், அசுத்தத் தண்ணீரால் ஹெபடைட்டிஸ் ஏ வந்த பிள்ளைக்கு அதே எண் 1,000ஐத் தாண்டும். பெரும்பாலும் சில கிழமைகளில் முழுசாகத் தேறிவிடும்.

ஈரல் வேலை செய்கிறதா என்று அறிய அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் வேகம்), பிலிரூபின் (கண்ணை மஞ்சளாக்கும் பொருள்) மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடிப்பவர் வந்தால் நான் முதலில் தேடுவது எஃப்.பி.சி. என்ற இரத்தக் கல எண்ணிக்கை டெஸ்டில், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைந்திருக்கிறதா என்பதைத்தான். குறைந்திருந்தால் ஈரல் தழும்பேறியிருக்கலாம்.

பித்தநீர்க் குழாய் அடைபட்டால் கதை வேறு. சிறுநீர் கடும் சாயத்தண்ணி நிறம், மலம் வெளிறிப்போகும், உடம்பெல்லாம் அரிப்பு. ரிப்போட்டில் ஏறுவது அல்கலைன் பொஸ்படேஸ் என்ற வேறொரு நொதியம். கல்லாக இருக்கலாம், புற்றுநோய்க் கட்டியாகவும் இருக்கலாம். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள், ஸ்கேன் எடுங்கள். கூடவே காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அப்புறம் பனடோல் (பரசிட்டமோல்). அளவு மிஞ்சினால் அதுவும் ஈரலைக் கெடுக்கும். 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு 8க்கு மேல் யாருக்கும் கூடாது. குடிப்பவர்கள் அந்த 8க்கும் போகக்கூடாது. எத்தனை என்று டொக்டரிடம் கேளுங்கள். தினமும் குடிப்பவர் குடியை ஒரே நாளில் தானாக நிறுத்தினால் கை நடுங்கி வலிப்புக்கூட வரலாம். அதனால் நிறுத்த நினைத்ததும் எங்களிடம் வாருங்கள். ஏச மாட்டோம்.

வீட்டில் இருக்கும் அக்காமார், தங்கச்சிமாரே, உங்களிடம் ஒரு கெஞ்சல். குடிக்கிறவர் இரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் கன்னங்கரேலென்று போனாலோ, பேச்சுக் குழம்பிப் பகலெல்லாம் தூங்கினாலோ பழைய ரிப்போட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். வெறி தெளியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு போன் அடியுங்கள், அது இலவசம்.