ஹீட் ஸ்ட்ரோக்: பக்கவாதம் எங்கிருந்து வந்தது?

மே மாதம் பிறந்து கத்திரி தொடங்கினால் போதும். தண்ணீர்ப் பந்தல் பேனரில், வாட்ஸ்அப் அறிவிப்பில், செய்தித்தாளின் மருத்துவப் பெட்டிச் செய்தியில் ஹீட் ஸ்ட்ரோக்கின் தமிழ்ப் பெயராக ‘வெப்பப் பக்கவாதம்’ தவறாமல் வந்துவிடும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வெயிலைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த வெயில் ஆளை வீழ்த்துவதற்குச் சூட்டியிருக்கும் பெயரில் வெப்பம் மட்டும்தான் சரி. பக்கமும் தப்பு, வாதமும் தப்பு.

மூலச் சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரோக்’ என்றால் அடி. கடிகாரம் மணி அடிப்பதும், மட்டை பந்தை அடிப்பதும், நீச்சலில் கை தண்ணீரை அடிப்பதும் அதே சொல்தான். நின்றுகொண்டிருந்தவர் திடீரென்று சாய்ந்தால் ‘கடவுளின் கை அடித்தது’ என்றார்கள், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதில் கடவுளும் கையும் உதிர்ந்து, அடி மட்டும் மூளை நோயின் பெயராக நின்றுவிட்டது. வெயில் அடித்து வீழ்த்தினால் சன் ஸ்ட்ரோக், வெப்பம் அடித்து வீழ்த்தினால் ஹீட் ஸ்ட்ரோக். பிரெஞ்சுக்காரர் ‘கூ த ஷலேர்’ என்பதிலும் ஜெர்மானியர் ‘ஹிட்ஸ்ஷ்லாக்’ என்பதிலும் இருப்பது அடிதான்.

அக்கம்பக்கம் பாருங்கள். தெலுங்கில் ‘வடதெப்ப’. வட என்றால் அனல்காற்று, தெப்ப என்றால் அடி. மலையாளத்தில் ‘சூர்யாகாதம்’. ஆகாதம் வடமொழியில் அடி. இவர்கள் எல்லோரும் சொல்லைப் பிரித்து, பொருளைப் பார்த்து எழுதினார்கள். நம்மவர்தான் அகராதியில் ஸ்ட்ரோக் என்று தேடி, முதலில் கண்ணில் பட்ட பக்கவாதத்தை எடுத்து ஒட்டிவிட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பக்கவாதத்துக்கு வடமொழியில் வழங்கும் ‘பக்ஷாகாதம்’ என்பதே ஒரு பக்கத்தில் விழுந்த அடி என்றுதான் பொருள்படும். தமிழுக்கு வந்தபோது ஆகாதம் நிற்கவில்லை, வாதம் நின்றது. அடி காணாமல் போனது அங்கேதான்.

பெயரில் என்ன இருக்கிறது, நோய்க்கு மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். இந்த நோயில் முதல் அரைமணி நேரத்து மருந்தைக் கொடுப்பவர் டாக்டர் கிடையாது. பக்கத்தில் நிற்பவர்தான். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெயர் ஒன்றே.

கல்யாண வீட்டுச் சமையல் கொட்டகையை எடுத்துக்கொள்வோம். தகரக் கூரை, வரிசையாகக் கோட்டை அடுப்பு, மதியம் 12 மணி. விடிகாலையிலிருந்து அண்டாவுக்கு முன்னால் நிற்கும் சமையல்காரருக்கு வயது 55. முதலில் தலைவலி என்பார், குமட்டுகிறது என்பார். உட்கார்ந்து நீர்மோர் குடித்தால் தெளிந்துவிடுவார். இது வெப்பச் சோர்வு, பேச்சும் நினைவும் ஒழுங்காக இருக்கும். உட்காராமல் நின்றால் அடுத்த கட்டம் வருகிறது. உப்பை இரண்டு தடவை போடுகிறார். கேட்டால் சீறி விழுகிறார். நடை தள்ளாடுகிறது. “அண்ணே என்னமோ உளறுறாக, தண்ணி போட்டிருக்காகளா?” என்று உதவியாள் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பில் போகும் பத்து நிமிடம்தான் உயிர். உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியது 40ஐத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்கிவிட்டது. வெப்பம், கூடவே உளறல்: இந்த இரண்டும் சேர்ந்தால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் அது என்று பல தாள்களில் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் முதியவருக்கு அப்படி இருக்கலாம். உழைக்கும் உடம்பில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே அது வந்துவிடும்.

இப்போது ‘பக்கவாதம்’ என்ற பெயரோடு ஒருவர் அந்த ஆளைப் பார்த்தால் என்ன செய்வார்? வாய் கோணியிருக்கிறதா, இரண்டு கையையும் தூக்க முடிகிறதா என்று பார்ப்பார். வாய் நேராக இருக்கும், கை இரண்டும் தூக்கும். ‘ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம் படுக்கட்டும்’ என்று விட்டுவிடுவார். இல்லையென்றால் பக்கவாதமேதான் என்று முடிவு கட்டி, உடம்பு கொதிக்கக் கொதிக்க காரில் ஏற்றி, ஸ்கேன் இருக்கும் ஊரைத் தேடிப் பறப்பார். பக்கவாதத்துக்கு அது சரியான ஓட்டம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. ஆனால் இவருக்கு ஓட்டத்துக்கு முன்னால் தண்ணீர் வேண்டும். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம்.

108க்கு ஒருவர் பேசும்போதே மற்றவர்கள் தொடங்கிவிட வேண்டும். அடுப்படியிலிருந்து தூக்கி, வளவைச் சுற்றிய தாழ்வாரம் போல நிழலும் காற்றும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். சட்டையைக் கழற்றி, வேட்டியைத் தளர்த்துங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளிர்ச்சிதான், ஆனால் அது முதுகை மட்டும் தொடுகிறது, அதை நம்பி உட்காரக் கூடாது. ஆள் அமிழும் தொட்டியும், தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடிக்க ஆளும் இருந்தால், குளிர்ந்த தண்ணீரில் கழுத்து வரை அமிழ்த்துவதை விட வேகமான வழி கிடையாது. தொட்டி இல்லையா, கிணற்றிலிருந்து வாளி வாளியாக மொண்டு தலை முதல் கால் வரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு. ஈரத்துண்டைப் போர்வை போல மூடி வைத்துவிட்டு நிற்பவர்கள் உண்டு. சில நிமிடத்தில் அந்தத் துண்டு உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு வெந்நீர் ஒத்தடம் ஆகிவிடும். துண்டு போட்டால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் பக்கத்து வறண்ட காற்றில் ஊற்றுவதும் விசிறுவதுமே நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் நீர் ஆவியாகும்போதுதான் வெப்பம் போகிறது. சுற்றி நிற்கும் கூட்டம் முதலில் மறிப்பது அந்தக் காற்றைத்தான்.

நினைவு தெளிவில்லாதவர் வாயில் சோடாவும் மோரும் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். காய்ச்சல் மாத்திரை வேண்டாம், இது காய்ச்சல் இல்லை. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற பழக்கத்தையும் விட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டர் ஈரத்தோலில் குறைத்துக் காட்டும், அதை நம்பித் தண்ணீரை நிறுத்தாதீர்கள். நினைவு திரும்பினால் அல்லது நடுக்கம் எடுத்தால் நிறுத்தலாம். அரைமணிக்குள் உள்வெப்பத்தை 40க்குக் கீழே இறக்கிவிட்டால் பெரும்பாலும் ஆள் தப்பிவிடுவார்.

இவ்வளவும் அந்தப் பெயருக்குள் அடங்காது என்பது தெரியும். ஆனால் பெயர் இதற்கு எதிராக நிற்காமலாவது இருக்கலாமே.

சரி, பக்கவாதத்தைத் தள்ளிவிட்டால் என்ன வைப்பது? ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். ‘வெப்பவாதம்’ என்பவர்கள் பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டுத் திருத்திவிட்டதாக நினைக்கிறார்கள். வாதம் காற்றின் கூறு, நெருப்பின் கூறு பித்தம். இதை எந்தச் சித்த மருத்துவரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். வெப்பத்தால் வரும் நோய்க்கு வாதம் என்று பெயர் வைப்பது அந்த மரபுக்கும் பொருந்தாது, இந்த மருத்துவத்துக்கும் பொருந்தாது. போதாததற்கு, பயங்கரவாதம், பிரிவினைவாதம் வரிசையில் வெப்பவாதம் ஏதோ கட்சிக் கொள்கை மாதிரி ஒலிக்கிறது. ‘வெப்ப அதிர்ச்சி’ என்றால் ரத்த ஓட்டம் குலைந்து வரும் அதிர்ச்சி நிலையோடு குழம்பும். ‘வெப்ப மயக்கம்’ வேறு ஒன்றின் பெயர்: வெயிலில் நின்றவர் தலைசுற்றி விழுந்து, படுத்ததும் தெளிந்து எழுவது. ‘உடற்சூடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் பேச்சில் ‘சூடு பிடிச்சிருச்சு’ என்றால் நீர்க்கடுப்பு. வீட்டில் ஆச்சி வெந்தயத்தை ஊறவைத்துவிடுவார்கள்.

இவற்றில் மரியாதையாக எதிர்க்க வேண்டியது ‘வெப்பத்தாக்கம்’ ஒன்றைத்தான். பொருள் கிட்டத்தட்டச் சரி, அரசுத் தாள்களிலும் நடமாடுகிறது. சிக்கல் தாக்கம் என்ற சொல்லில் இருக்கிறது. தாக்குதல் என்ற பொருள் அதிலிருந்து தேய்ந்து, இன்றைக்கு அது வெறும் விளைவு. படத்தின் தாக்கம், விலையேற்றத்தின் தாக்கம், தேர்தல் முடிவின் தாக்கம். ‘இன்று வெயிலின் தாக்கம் அதிகமாக இருந்தது’ என்று வானிலைச் செய்தி தினமும் வாசிக்கிறது. நோய்க்கும் அதே பெயரை வைத்தால் ‘வெப்பத்தாக்கத்தால் மக்கள் அவதி’ என்ற தலைப்பைப் படிப்பவர் என்ன நினைப்பார்? புழுங்கியது போல என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டுவார். உயிர்போகும் நிலைக்கு வைக்கும் பெயர் அன்றாட வானிலைப் பேச்சில் கரைந்துபோகக் கூடாது.

அதனால் ‘அடி’ என்கிறேன். ‘கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது’ என்று சொல்கிற மொழிக்கு, கண்ணுக்குத் தெரியாத அடியைச் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டாம். சொல்லடி இருக்கிறது, பேயடி இருக்கிறது. வெயிலும் நம் பேச்சில் காய்வதோடு நிற்பதில்லை, அடிக்கத்தான் செய்கிறது. முதலில் தோன்றும் சொல் ‘வெயிலடி’. ஆனால் மேலே சொன்ன சமையல்காரர் மேல் வெயில் படவே இல்லை, சூளையில் இரவு வேலை பார்ப்பவர் மேலும் படாது. அவர்களை அடித்தது வெக்கை. ஆகவே ‘வெக்கையடி’. வெயிலில் விழுந்தால் வெயிலடி என்று தனியாகச் சொல்லிக்கொள்வதிலும் தடையில்லை.

வினையையும் கவனிக்க வேண்டும். பக்கவாதம் ‘வரும்’, அடி ‘படும்’. வந்தது என்றால் உள்ளிருந்து வந்த நோய், பெரியவருக்கு வேளை வந்துவிட்டது என்று கை ஓய்ந்துவிடுகிறது. பட்டது என்றால் வெளியிலிருந்து விழுந்தது. அடிபட்டவரைச் சுற்றி ஊரே ஓடிவரும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்ப் பட்டியலும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. பக்கவாதம் அதில் ரத்த ஓட்ட நோய்களின் அத்தியாயத்தில் ‘ஐ 64’. ஹீட் ஸ்ட்ரோக் காயமும் நஞ்சும் வெளிக்காரணக் கேடுகளும் அடங்கிய அத்தியாயத்தில் ‘டி 67’. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. சான்றிதழில் எதைத் தமிழில் எழுதுகிறார்கள் என்பதில் அந்தக் குடும்பத்துக்கும் அக்கறை இருக்கும்.

அடி என்பது கொச்சை என்பார்கள். வெக்கையும் கொச்சை என்பார்கள். வெப்பப் பக்கவாதம் மட்டும் என்ன தனித்தமிழா, வாதம் வடமொழிதானே. பிழையான தமிழுக்கு ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்று அப்படியே எழுதிவிடுவது எவ்வளவோ மேல். அதைக் கேட்டவர் புரியவில்லை என்றாவது கேட்பார். பக்கவாதம் என்று கேட்டவருக்குத் தப்பாகப் புரிந்துவிடுகிறது, கேள்வியே எழுவதில்லை.

முதலுதவித் தாள்களை மொழிபெயர்ப்பவர்கள் நோயாளியைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்ப்பதன் இன்னொரு விளைச்சல் ‘ரத்தக்கசிவு’. பானை கசியும், பழைய மச்சு கசியும். சிறாவயல் மஞ்சுவிரட்டில் மாட்டுக்கொம்பு தொடையில் ஏறினால் ரத்தம் கசியாது, பீய்ச்சும். உடம்பில் மொத்தம் இருப்பதே 5 லிட்டர் சொச்சம், தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் போய்விடுவார். ‘கடுமையான ரத்தக்கசிவு ஏற்பட்டால்’ என்று தொடங்கும் தாளைப் படித்தவன் பஞ்சைத் தேடுவான். ‘ரத்தம் பாய்ந்தால்’ என்று எழுதினால் துண்டை உருட்டிக் காயத்துக்குள் திணித்து, இரண்டு கையாலும் உடம்பு எடையோடு அழுத்துவான்.

அழுத்தியும் நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே ‘கட்டு’ப் போடச் சொல்கிறார்கள். அடுத்த பக்கத்தில் பாம்பு கடித்தால் ‘கட்டு’ப் போடாதே என்கிறார்கள். மாவுக்கட்டும் கட்டுதான், விரலில் சுற்றும் துணியும் கட்டுதான். ரத்தத்தை நிறுத்த இறுக்கும் கட்டுக்கு ஆங்கிலத்தில் ‘டூர்னிக்கே’ என்று பெயர், திருகு என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. குச்சியைச் செருகித் திருகி இறுக்குவதால் அந்தப் பெயர். ‘முறுக்குக்கட்டு’ என்றால் செய்முறையே பெயரில் வந்துவிடுகிறது. கை காலில் மட்டும், காயத்துக்கு 2, 3 அங்குலம் மேலே, மூட்டின் மீது விழாமல், நாலு விரல் அகலத் துணியில், ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். கயிறும் கம்பியும் சதையை அறுத்துவிடும். வலிக்கிறது என்று கத்துவார். தளர்த்தக் கூடாது. முறுக்கிய நேரத்தை அவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதிவிட வேண்டும், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.