சரவுண்ட்: சுற்றொலியா, சூழொலியா?

புதுச்சேரி நேரு வீதிக் கடை ஒன்றில், ஒலிபெருக்கிப் பெட்டிகளின் மேல் 'சுற்று ஒலி' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். தமிழில் எழுதத் தோன்றியதற்கே கடைக்காரரைப் பாராட்டலாம். ஆனாலும் படித்தவுடன் எனக்கு மின்விசிறிதான் நினைவுக்கு வந்தது.

கேட்பவரைச் சுற்றிப் பல பெட்டிகளை வைத்து, எல்லாப் பக்கமிருந்தும் ஒலி வரச்செய்யும் சரவுண்ட் சவுண்ட் முறையைத்தான் அப்படிப் பெயர்த்திருந்தார்கள். ஆனால் அதில் எதுவும் சுற்றுவதில்லை. டிசம்பரில் குருசுக்குப்பத்து நண்பர் வீட்டில் ஒரு ஜாஸ் தட்டைக் கேட்டேன். பியானோ எதிரே நின்றது. டபுள் பாஸ் சற்று வலப்பக்கம். டிரம்மின் தோல்மேல் கம்பித் தூரிகை உரசிய ஓசை, முறத்தில் அரிசி புடைப்பதுபோல் இடப்பக்கம். பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது அது முதுகுக்குப் பின்னால் கேட்டது. நான் திரும்பியே பார்த்துவிட்டேன். நண்பரின் அம்மா சிரித்தார்.

தட்டின் உறையில் 'ஹாலிடே மியூசிக்' என்றிருந்தது. இதை 'விடுமுறை இசை' என்று பெயர்த்தால் கோடை விடுமுறையும் மாம்பழமும் கண்முன் வரும். ஹாலிடே என்பதே 'புனித நாள்' என்ற பொருளில் பிறந்த சொல். அமெரிக்க இசைத்தட்டுகளில் அது பெரும்பாலும் கிறிஸ்துமஸ் காலத்தைக் குறிக்கும். 1960-இல் 'எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு' என்ற அமெரிக்க ஜாஸ் பாடகி முழுத் தட்டாகவே பாடிக் கொடுத்த வகை. 'கிறிஸ்துமஸ் கால இசை' என்று சொல்லிவிடலாம். ஜாஸ், ஜாஸாகவே இருக்கட்டும்.

இசையைப் பல திசைகளிலிருந்து வரச்செய்யும் ஆசை பழையது. 1940-இலேயே டிஸ்னி 'ஃபாண்டேசியா' படத்துக்காக அதைத் திரையரங்கில் செய்து பார்த்தது. வீடுகளில் பரவியது 5.1 முறை: முன்னால் மூன்று பெட்டிகள், காதுக்குச் சற்றுப் பின்னே பக்கத்துக்கு ஒன்று. இந்த ஐந்தும் போக, ஆறாவது ஒலி வழியில் சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அடித்தொனி மட்டுமே போகும். முழு அலைவரிசையும் இல்லாததால்தான் அது 'புள்ளி ஒன்று'.

இனி சொல்லுக்கு வருவோம். சரவுண்ட் என்பதில் 'ரவுண்ட்' இருப்பதாகத் தோன்றுவது காதின் மயக்கம். லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேலே, 'உந்தா' என்றால் அலை. இரண்டும் சேர்ந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது, அதன் பொருள் வெள்ளம் கரைபுரண்டு மூடுவது. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான், 'ரவுண்ட்' என்பதன் சாயல் ஒட்டிக்கொண்டு, 'சுற்றி வளைத்தல்' ஆனது. பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும்: அலைக்கு 'ஓந்த்', வெள்ளம் மூழ்கடிப்பதற்கு 'இனோந்தே'. இரண்டிலும் அதே வேர்.

தமிழில் இந்த நீரைத் தாங்கும் வினை 'சூழ்'. 2024-இல் ஃபெஞ்சல் புயல் இங்கே கரையைக் கடந்து, பின்னர் தென்பெண்ணையும் பெருகியபோது, கடலூர்ப் பக்கம் வீடுகளைத் தண்ணீர் 'சூழ்ந்தது' என்றுதான் சொன்னோம். 'சுற்றியது' என்று யாரும் சொல்லவில்லை. சுற்றுவது நகர்ந்துகொண்டே இருக்கும். சூழ்வது நாலாபக்கமும் வந்து நிற்கும்.

ஆகவே என் தேர்வு சூழொலி. 'சூழ்ச்சி' நினைவுக்கு வருகிறதே என்று நண்பர் தயங்கினார். வரட்டுமே, திருக்குறளில் சூழ்ச்சி என்பது ஆராய்ந்து எண்ணுவதுதான், சதி அல்ல. இலக்கணத்தில் இது ஊறுகாய்போல் வினைத்தொகை: சூழ்ந்த ஒலி, சூழ்கின்ற ஒலி, சூழும் ஒலி. தட்டுக்குச் சூழொலிப் பதிவு, பெட்டிக்குச் சூழொலிப் பெட்டி என்று நீட்டிக்கொள்ளவும் தடையில்லை. நேரு வீதிக் கடைக்காரர் ஒட்டிய தாளில் ஒரு சொல்லை மாற்றினால் போதும்.