அக்கி ஆறிவிட்டது, வலி ஏன் ஆறவில்லை?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "அம்மாவுக்கு விலாவில் அக்கி வந்து ஆறி ஆறு மாதமாகிறது. தழும்புகூட மங்கிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் புடவை பட்டாலே துடித்துப்போகிறார். டாக்டர் 'எல்லாம் மனப்பிரமை' என்கிறார். அப்படியா?"

பிரமை இல்லை. சின்ன வயதில் சின்னம்மை தந்த அதே வைரஸ், முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் பல வருடம் பதுங்கியிருந்து, எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு நரம்பைப் பிடித்துத் தோலுக்கு வருவதுதான் அக்கி. வரும் வழியில் நரம்பைக் கெடுத்துவிடுகிறது. கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும். கெட்டுப்போன நரம்போ சும்மா இருக்கும்போதும் தண்டுவடத்துக்கு வலிச்செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். சரி, ஆனால் மெல்லிய துணி ஏன் வலிக்க வேண்டும்? தொடு உணர்வைச் சுமப்பது வேறு நரம்பு ஆயிற்றே!

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தண்டுவடத்தில் செய்தியை வாங்கி மூளைக்கு அனுப்பும் நரம்புசெல்லின் மேல் என்எம்டிஏ ஏற்பி என்றொரு கதவு இருக்கிறது. வலி நரம்பு கொட்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டினால் கதவு திறக்கும். ஆனால் உள்ளே ஒன்றும் போகாது. கோலி சோடா பாட்டிலின் கழுத்தில் கோலி அடைத்திருப்பதுபோல, அந்தத் துளையை ஒரு மெக்னீசிய அயனி அடைத்திருக்கிறது. கோலியைப் பிடித்துவைப்பது பாட்டிலுக்குள் இருக்கும் வாயு. மெக்னீசியத்தைப் பிடித்துவைப்பது செல்லின் உட்புறத்து எதிர்மின் அழுத்தம். 1984இல்தான் இந்த அடைப்பு தெரியவந்தது.

ஒன்றிரண்டு வலிச்செய்திக்கு அடைப்பு அசையாது. விடாமல் வந்துகொண்டே இருந்தால் செல்லின் மின்னழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, பிடி தளர்ந்து, மெக்னீசியம் கழன்றுவிடும். (கோலி உள்ளே விழும், இது வெளியே போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.) உடனே கால்சியம் குபுகுபுவென்று உள்ளே பாயும். அது எழுப்பிவிடும் நொதிகள் இருக்கிற ஏற்பிகளைக் கூர்தீட்டும், புதியவற்றைச் செல்லின் மேற்பரப்புக்கு அனுப்பும். அப்புறம், இதுவரை அந்தச் செல் காதில் போட்டுக்கொள்ளாத தொடு நரம்பு லேசாக முணுமுணுத்தாலும் போதும், செல் மூளையிடம் 'நெருப்பு' என்று கத்தும்.

காயத்துக்குப் பின் தண்டுவடமே இப்படி மிகையாகக் கூர்மையடைவதை எலிகளில் சோதித்து 1983இல் வெளியிட்டவர் லண்டனில் இருந்த நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வுல்ஃப். ஸ்கேனில் இது தெரியாது. தெரியாததால்தான் 'பிரமை' ஆகிவிடுகிறது.

இதற்குப் பாராசிட்டமால் அவ்வளவாகக் கேட்காது. காபாபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைத்தான் கொடுப்பார்கள். கடைசியது மனச்சோர்வு மாத்திரையாயிற்றே என்று கோபப்பட வேண்டாம். மூளையிலிருந்து கீழிறங்கி வலியை அடக்கும் பாதைக்கு அது பலம் கொடுக்கிறது.

அக்கி எழுதுவது பற்றியும் கேட்பீர்கள். குயவர் காவியில் எழுதினால் ஆறுகிறது, வாஸ்தவம். எழுதாவிட்டாலும் ஆறும். காவிமேல் எனக்குப் பகை இல்லை, அதற்குள் கழிந்துபோகிற நாட்கள்மேல்தான். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது.

வலியை வளரவிட்டுப் பிறகு துரத்துவது கடினம் என்பது வலித்தணிப்புச் சிகிச்சை செய்பவர்களுக்கு அத்துப்படி. புற்றுநோயாளி கதறட்டும் என்று காத்திராமல், சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுப்பார்கள். நம் நாட்டில் 2019இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் வலி மேலாண்மை மயக்கவியலுக்குள் ஒரு தலைப்பு. என்னைக் கேட்டால், அதைப் புத்தகத்தில் அல்ல, படுக்கையருகே நின்று படிக்க வேண்டும். கையில் கொஞ்சம் பஞ்சு போதும். வலிக்கும் இடத்தை அதனால் மெல்ல வருடி, எந்த எல்லையில் முகம் சுளிக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு யாராவது அதைச் செய்து பார்த்தார்களா?