இன்றைய படுக்கைக்கு முந்தாநாள் கணக்கு

காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். முப்பது வயது மகன் முகப்பில் இரண்டு மணி நேரம் நின்று, வந்தவர்களை 'வாங்க வாங்க' என்று கூப்பிட்டான். திங்கள் நன்றாகத்தான் இருந்தான். செவ்வாய் காலை பல் விளக்கக்கூட எழ முடியவில்லை. "கல்யாணத்துக்கு மட்டும் தெம்பு இருந்துச்சாக்கும்" என்று வளவில் யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல் அநியாயம். நாட்பட்ட சோர்வு நோயைக் காட்டிக்கொடுப்பதே இந்தத் தாமதம்தான்.

சக்திக்கு மிஞ்சிய வேலை முடிந்து பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே உடல் சரியும். தேற நாட்களோ வாரங்களோ ஆகும். படிப்பதும் பேசுவதும்கூட வேலைதான். சைக்கிள் மிதிக்கவைத்து மூச்சை அளக்கும் சோதனையை அடுத்தடுத்து இரண்டு நாள் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியமானவர் மறுநாளும் ஏறத்தாழ அதே அளவு மிதிக்கிறார். இந்த நோயாளிகள் பலருக்கு, திணறாமல் மிதிக்கக்கூடிய அளவு மறுநாள் இறங்கிவிடுகிறது. 'காலாற நடந்தா சரியாப் போயிரும்' என்ற யோசனை இதனால்தான் கெடுதல் செய்கிறது. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை இந்நோய்க்குச் சிகிச்சையாகத் தரக் கூடாது என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2021-ல் வழிகாட்டியது.

நோயை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, காசநோய், தூக்கத்தில் மூச்சுத்தடை ஆகியவற்றை மருத்துவர் முதலில் விலக்க வேண்டும். எடை குறைந்தாலோ மாலைக் காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீர்கள்.

வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். எழுந்த நேரம், நின்ற நேரம், விருந்தாளிகள், தூக்கம் என நாளுக்கு நான்கு வரி போதும். மகன் படுத்த நாளிலிருந்து இரண்டு நாள் பின்னே புரட்டினால் காரணம் கிடைக்கும். நல்ல நாளிலும் தெம்பு தீருமுன் வேலையை நிறுத்துவதுதான் சூத்திரம்.

நின்றால் தலை சுற்றுகிறதா? பத்து நிமிடம் படுக்கவைத்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் குறியுங்கள். பிறகு குதிகால் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்க, முதுகைச் சாய்த்துப் பத்து நிமிடம் நிற்கட்டும். நிமிடத்துக்கொரு முறை அளவுகளை எழுதுங்கள். அழுத்தம் இறங்காமல், படுத்திருந்தபோது இருந்ததைவிட நாடி மட்டும் நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடி நின்றால் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்தால் மண்டை உடையும்; ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், கண் இருட்டினால் உடனே படுக்கவைக்க வேண்டும். சித்திரை வெயிலில் ரத்தக்குழாய்கள் விரிவதால் இந்தத் தொல்லை கூடும். இதற்காக உப்பைக் கூட்டுவது மருத்துவர் சொன்னால் மட்டும்.

நம் வீடுகளில் முகப்பிலிருந்து அடுப்படிக்கு ஒருமுறை போய்வருவதே ஒரு நடை. குளியலறைக்குப் பக்கத்து அறையில் கட்டிலைப் போடுங்கள், குளியலறைக்குள் ஒரு ஸ்டூல் வையுங்கள், தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடிவெடுப்பவர் வளர்ந்த பிள்ளைதான். மருத்துவரிடம் அவருக்காகப் பேசுமுன் "நான் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். தலையசைத்தாலே பதிலாகும்படி கேட்டால் அவருக்குச் சுலபம். அடுத்த விசேஷத்துக்கு அவர் வரமாட்டார் என்று பங்காளிகளிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.