மின்ஷுக்கு: மலிவு ரியோகானா, வீட்டு விடுதியா?

ஜப்பானில் தங்க இடம் தேடுகிறவர்கள் ஹோட்டல், ஹாஸ்டல், ரியோகான் என்னும் பாரம்பரிய ஜப்பானிய விடுதி என்ற வரிசையில் எங்கேயோ ஒரு மூலையில் மின்ஷுக்கு என்ற சொல்லைப் பார்த்திருப்பார்கள். ஒரு குடும்பம் தன் வீட்டு அறைகளைக் காசுக்குத் தங்க விடும் இடம் அது. தமிழில் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் இதை ‘மலிவு விலை ரியோகான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விலையை வைத்துப் பார்த்தால் அதில் தப்பில்லை, ஆனால் அதை நம்பிப் போகிறவர் அங்கே போய் ‘ஏன் யாரும் வந்து படுக்கை விரிக்கவில்லை’ என்று காத்துக்கொண்டிருப்பார்.

எழுத்துக்கூட்டலை முதலில் முடித்துவிடுவோம். ‘மின்ஷுகு’ என்று எழுதினால் நம் வாய் கடைசி எழுத்தை மெலித்துவிடும், ஜப்பானியர் சொல்வது வல்லினக் கு. அதனால் மின்ஷுக்கு. கிரந்தமே வேண்டாம் என்பவர்கள் ‘மின்சுக்கு’ என்று எழுதலாம், என்ன, மிக்சியில் அரைத்த சுக்கு மாதிரி இருக்கும்.

ஜப்பானியர் எழுதும்போது இந்தச் சொல்லில் இரண்டே சீன எழுத்துகள். முதலாவது ‘மின்’, மக்கள் என்று பொருள். ஜனநாயகத்துக்கு ஜப்பானியர் சொல்லும் மின்ஷு, நாட்டு மக்கள் என்னும் கொக்குமின் எல்லாவற்றிலும் இருப்பது இதே மின்தான். அரசு சாராத, தனியார் என்ற பொருளும் இதற்கு உண்டு, மின்ஷுக்குவில் அந்தப் பொருள்தான் வேலை செய்கிறது. இரண்டாவது ‘ஷுக்கு’, தங்குமிடம். தனியாக நின்றால் இதையே ‘யாதோ’ என்று படிப்பார்கள். இந்த எழுத்தின் பழைய சீன வடிவத்தைப் பார்த்தால் மேலே ஒரு கூரை, அதன் கீழே ஒரு ஆள், பக்கத்தில் ஒரு பாய், அவ்வளவுதான். பாய் காலப்போக்கில் உருமாறி இன்று நூறு என்ற எழுத்து மாதிரி ஆகிவிட்டது, ஆனாலும் தத்தாமி என்னும், தரையாகவே பரப்பிய வைக்கோல் பாய் மேல் படுத்துத் தூங்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து கிடைக்காது. டோக்கியோவின் ஷின்ஜுக்குவில் இருக்கும் ‘ஜுக்கு’வும் இதே எழுத்துதான். ‘புதிய தங்கல்’ என்று பொருள், டோக்கியோவின் பழைய பெயரான ஏடோவிலிருந்து கிளம்பிய கோஷு நெடுஞ்சாலையில், வழிப்போக்கர் இளைப்பாறும் முதல் தங்கல் ரொம்பத் தூரமாக இருந்ததால் 1698 வாக்கில் இடையில் புதிதாக ஒன்று ஏற்படுத்தினார்கள், அந்தப் பெயர்தான் இன்றைக்கும் நிற்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் அசுவினி, பரணி போன்ற நட்சத்திரங்களைப் பௌத்த நூல்கள் வழியாகச் சீனமும் ஜப்பானும் வாங்கிக்கொண்டபோது, நிலா இரவுக்கு இரவு தங்கிச் செல்லும் வீடுகள் என்ற கணக்கில் அவற்றுக்கும் இந்த எழுத்தையே பயன்படுத்தினார்கள்.

ஏடோ காலத்து, அதாவது 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான, நெடுஞ்சாலைகளில் தங்கல் ஊர்கள் வரிசையாக இருந்தன, தோக்காய்தோ சாலையில் 53, நாகசென்தோவில் 69. பிரபுக்களுக்கு ஹோன்ஜின், சாப்பாட்டோடு தங்கச் சாதாரண மக்களுக்கு ஹதாகோ, அதற்கும் வசதி இல்லாதவர்களுக்குக் கிச்சின் யாதோ. கிச்சின் என்றதும் சமையலறை ஞாபகம் வரும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ‘விறகுக் கூலி’ என்று பொருள். அரிசியைக் கையோடு கொண்டுபோய், விறகுக்கு மட்டும் காசு கொடுத்துத் தானே பொங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். மின்ஷுக்கு இவற்றின் நேர் வாரிசு என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹதாகோ முழுநேரத் தொழில். மின்ஷுக்கு, விவசாயியோ மீனவரோ தன் வீட்டில் மிச்சமிருக்கும் அறைகளை வைத்துச் சம்பாதிக்கும் துணை வருமானம்.

மின்ஷுக்கு பிறந்த இடம் என்று நாகனோ மாநிலத்தின் ஹக்குபா உரிமை கொண்டாடுகிறது. மலையேறவும் பனிச்சறுக்கவும் வந்தவர்கள் வழிகாட்டிகளின் வீட்டிலேயே தங்கினார்கள், 1930களில் அது முறையான தொழிலானது. அப்புறம் 1970இல் ஜப்பான் தேசிய ரயில்வே ‘டிஸ்கவர் ஜப்பான்’ என்று விளம்பரம் செய்து இளைஞர்களைக் கிராமப்புறங்களுக்கு இழுத்தபோது, அவர்கள் கைக்கு எட்டிய விலையில் இருந்தவை இந்த வீடுகள்தான். வேடிக்கை என்னவென்றால், 1948இல் வந்த ரியோகான் தொழில் சட்டத்தில் மின்ஷுக்கு என்று ஒரு வகையே கிடையாது. பெரும்பாலானவை ‘எளிய தங்குமிடம்’ என்ற பிரிவில் பதிவாகின்றன, ஆள் படுக்க மட்டும் பெட்டி போன்ற இடம் தரும் கேப்சூல் ஹோட்டலும் மலைக்குடிலும் அதே பிரிவில்தான் வரும்.

சரி, உள்ளே போனால் என்ன இருக்கும்? தத்தாமி அறை ஒன்று, நடுவில் தாழ்ந்த மேசை, சுவரோடு நகர்த்துக் கதவு போட்ட அலமாரி. ஃபுத்தோன் மெத்தை அந்த அலமாரிக்குள் மடித்து வைத்திருக்கும். ரியோகானில் நீங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் பணிப்பெண் வந்து விரித்துவிடுவார், இங்கே நீங்களே இழுத்துப்போட்டு விரித்துக் காலையில் மடித்தும் வைக்க வேண்டும். துண்டும் பல் துலக்கியும் பல இடங்களில் தரமாட்டார்கள், கையோடு கொண்டுபோவது நல்லது. கழிப்பறை பொது, அதற்கென்று தனிச் செருப்பு வாசலிலேயே கிடக்கும், அதை மாட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடாதீர்கள். குளியல் தொட்டியும் ஒன்றுதான், முறை வைத்துக் குளிக்க வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே வெந்நீரில் இறங்க வேண்டும், வெளியே ஏறியதும் தொட்டியின் அடைப்பை மட்டும் எடுத்துவிடக் கூடாது, அடுத்து வருகிறவருக்கும் அதே தண்ணீர்தான்.

கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. ‘இப்பாக்கு நிஷோக்கு’ என்று போட்டிருந்தால் ஓர் இரவும் இரண்டு வேளைச் சாப்பாடும், ‘சுதோமரி’ என்றால் தங்குவது மட்டும். சாப்பாட்டோடு சுமார் 7,000 முதல் 10,000 யென் வரை ஆகும். இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கே தயாராகிவிடும், எட்டு மணிக்கு வந்து நின்றால் வீட்டுக்காரம்மா முகம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை ஊரில் அன்று கிடைத்த மீன், மலையூரில் உப்பிட்டுச் சுட்ட ஆற்றுமீனும் காட்டுக் கீரையும். சைவர்கள் முன்பதிவின்போதே விவரமாகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பார்வைக்கு அப்பாவியாக இருக்கும் மிசோ என்னும் சோயா விழுதுச் சூப்பிலும் பெரும்பாலும் கருவாட்டுச் சாறு இருக்கும். வம்பே வேண்டாம் என்றால் சுதோமரி.

இந்தச் சொல் ஜப்பானோடு நிற்கவில்லை. தைவானில் அதே எழுத்துகளை ‘மின்சு’ என்று படிக்கிறார்கள், 2001இல் அதற்கென்று தனி விதிகளே வந்தன. கொரியாவில் ‘மின்பாக்’, அங்கே இரண்டாவது எழுத்து மட்டும் வேறு. ஜப்பானிலும் அந்த எழுத்தோடு ‘மின்பாக்கு’ என்று ஒன்று உண்டு, அது வேறு சமாச்சாரம்: தன் வீட்டையோ அடுக்ககத்தையோ ஆன்லைனில் வாடகைக்கு விடுவது, 2018 ஜூன் முதல் சட்டப்படி ஆண்டுக்கு 180 நாள் வரைதான். இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது தமிழில் சகஜமாக நடக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? எழுத்துக்கு எழுத்து நேராகப் பார்த்தால் ‘குடி’யை விட்டால் வேறு சொல்லே இல்லை. குடிமக்கள், குடியரசு என்பதில் வரும் குடி ஜப்பானிய ‘மின்’னுக்கு அச்சாகப் பொருந்தும், குடும்பம், வீடு என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆனால் ‘குடிவிடுதி’ என்று பலகை வைத்தால் எந்தக் கூட்டம் வந்து நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். சத்திரம் சரிவராது, அது வழிப்போக்கருக்குக் காசு வாங்காமல் சோறும் இடமும் கொடுத்த அறம், இன்றைக்கோ கல்யாண மண்டபம். ஹோம்ஸ்டே எல்லோருக்கும் புரியும், ஆனால் ஜப்பானில் அந்தச் சொல் வெளிநாட்டு மாணவர் ஒரு குடும்பத்தோடு வாழ்வதைக் குறிக்கும்.

என் ஓட்டு ‘வீட்டு விடுதி’க்கு. வீடு, விடுதி இரண்டுமே ‘விடு’ என்ற வேரில் கிளைத்தவை, பயணத்தை விட்டு இறங்கித் தங்கும் இடம் என்ற வாசனை இரண்டிலும் இருக்கிறது, படைவீடு என்பதும் அப்படி வந்ததுதான். யாரோ ஒருவருடைய வீடு என்பதும் காசு கொடுத்துத் தங்குவது என்பதும் இரண்டே சொல்லில் வந்துவிடுகின்றன. சாப்பாடும் உண்டென்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் நம் ஊர் ‘உண்டு உறைவிடப் பள்ளி’யிலிருந்து கடன் வாங்கி ‘உண்டு உறை கட்டணம்’ என்று இப்பாக்கு நிஷோக்குவை எழுதலாம். முதல்முறை ‘மின்ஷுக்கு என்னும் வீட்டு விடுதி’ என்று சேர்த்து எழுதிவிட்டால் பிறகு எது வசதியோ அதைப் போட்டுக்கொள்ளலாம். ரியோகானை மட்டும் ரியோகான் என்றே விட்டுவிடுங்கள், அதைப் ‘பயண மாளிகை’ ஆக்கி யாரும் தேடப்போவதில்லை.