மைனர்ஸ் ரைட் கையில் இருக்கிறது. நிற்கும் நிலம் எது?

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பெண்டிகோ நகருக்கு வடக்கே உள்ள காட்டில் பூங்காக் காவலராக ரோந்து சென்றுகொண்டிருந்தேன். மண்பாதையோரம் ஒரு கார் நின்றது. அதற்கு அப்பால், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மெட்டல் டிடெக்டரை இடமும் வலமும் மெல்ல வீசியபடி ஒருவர் நடந்துகொண்டிருந்தார். அவர் மனைவி மடக்கு நாற்காலியில் அமர்ந்து ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் சீருடையில் இருந்த பெயர்ப்பட்டையைப் படித்ததும் டிடெக்டர் வைத்திருந்த பெரியவரின் முகம் மலர்ந்தது. “நம்ம ஊரா தம்பி?” என்றார். நான் கேட்பதற்கு முன்பே கைபேசியைத் திறந்து, தங்கம் தேட அரசு தரும் அனுமதிச் சீட்டான தம்முடைய மைனர்ஸ் ரைட்டைக் காட்டினார். அது அவர் பெயரில் இருந்தது, காலாவதியும் ஆகவில்லை. ஆனால் அவர் நின்றிருந்தது தேடுதலுக்கு அனுமதி இல்லாத பகுதி. அனுமதி உள்ள பகுதி, அவர் காரை நிறுத்தியிருந்த பாதையின் மறுபக்கத்தில்தான் தொடங்குகிறது.

அவருக்குப் பின்னால் பதின்மூன்று குழிகள் மூடப்படாமல் கிடந்தன. அவற்றிலிருந்து வந்தவற்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்: துருப்பிடித்த தகர மூடி, ஈயக் குண்டுகள், ஒரு லாட ஆணி. தங்கம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

பூங்காக் காவல் பணியில் நான் அடிக்கடி சந்திக்கும் மனிதர் இவர். சட்டத்தை ஏய்க்க வேண்டும் என்று வருபவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலானோர் பேலராட்டில் உள்ள சாவரின் ஹில்லுக்குப் பிள்ளைகளுடன் சென்று, ஓடைமண்ணைத் தட்டில் அலசி, இரண்டு மினுமினுப்பைக் குப்பியில் அடைத்துக்கொண்டு வந்தவர்கள். அந்த ருசியில் டிடெக்டர் வாங்கியவர்கள். நம்மவர்களுக்கு இந்த வேலை எளிதாகவே கைவருகிறது. அரிசியில் கல் அரித்துப் பழகிய கைக்குத் தங்கத்தட்டைச் சுழற்றுவதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கனமானது அடியில் தங்கும், லேசானது நீரோடு போகும் என்ற ஒரே கணக்குதான். சாதாரண வெண்கல்லைப் போல ஏழு மடங்கு கனமானது தங்கம். கோயம்புத்தூர் நகைப்பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை அரித்துத் தங்கத்தூள் எடுப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

தேடத் தெரிந்தவர்களும் தடுக்கி விழுவது அந்த அனுமதிச் சீட்டின் பொருளில்தான். மைனர்ஸ் ரைட் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1851இல் இந்த மாநிலத்தில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, தோண்ட வந்த ஒவ்வொருவரும், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மாதம் 30 ஷில்லிங் கட்டி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையை எதிர்த்து எழுந்த போராட்டம்தான் 1854 டிசம்பர் 3 அன்று பேலராட்டின் யுரேகா அரணில் ரத்தம் சிந்துவதில் முடிந்தது. அதன் விளைவாக மறு ஆண்டே, ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டணத்தில் மைனர்ஸ் ரைட் வந்தது. அதை வைத்திருந்தவர்களுக்கு வாக்குரிமையும் கிடைத்தது. ரத்தம் கொடுத்து வாங்கிய சீட்டு என்ற பெருமிதம் இன்றும் இந்த வட்டாரத்தில் உண்டு. ஒருவேளை அந்தப் பெருமிதம்தான் ‘இது இருந்தால் எங்கும் போகலாம்’ என்ற எண்ணத்தையும் வளர்த்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இன்றைய மைனர்ஸ் ரைட், 1990ஆம் ஆண்டின் கனிமவளச் சட்டத்தின் கீழ் வருவது. பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், கட்டணமும் மிகக் குறைவு. மண்ணுக்குள் கிடக்கும் தங்கம் அரசுடையது. இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு, அனுமதிக்கப்பட்ட இடத்தில், முறைப்படி தேடி எடுக்கும்போதுதான் அது உங்களுடையதாகிறது. மண்வெட்டி, கொத்து, சல்லடை, தட்டு, மெட்டல் டிடெக்டர் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். எஞ்சின் பூட்டிய தோண்டு கருவிகளுக்கும் வெடிமருந்துக்கும் இடமில்லை. மரத்தையோ புதரையோ பிடுங்கவோ சேதப்படுத்தவோ கூடாது. தோண்டிய குழியை மூட வேண்டும். தனியார் நிலமென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும்; சுரங்க உரிமம் உள்ள நிலமென்றால் அந்த உரிமம் வைத்திருப்பவரின் சம்மதம் வேண்டும்.

அரசு நிலத்தில்தான் குழப்பம் மிகுதி, ஏனென்றால் பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. மாநில வனங்களில் பெரும்பாலும் தேடலாம். தேசியப் பூங்காவில் பொதுவாகத் தேட முடியாது. ஆனால் கிரேட்டர் பெண்டிகோ, ஹீத்கோட்–கிரேடவுன், சில்டர்ன்–மவுண்ட் பைலட் போன்ற சில தேசியப் பூங்காக்களில் குறிப்பிட்ட பகுதிகளை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். மெல்போர்னுக்கு அருகில் உள்ள வாரண்டைட் மாநிலப் பூங்காவிலும் இப்படியே சில பகுதிகள் உண்டு. ஆகவே ஒரே பூங்காவில், ஒரே பாதையின் இரு பக்கங்களில், இரண்டு விதிகள் இருக்கலாம். ஒவ்வொரு எல்லையிலும் பலகை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்களால் அத்தனை நட முடியாது, நட்டவையும் நிலைப்பதில்லை. வீட்டிலிருந்து புறப்படும் முன்பே ‘ஜியோவிக்’ என்ற அரசு இணைய வரைபடத்தையும், அந்தப் பூங்காவுக்கென வெளியிடப்பட்ட வரைபடத்தையும் பார்த்து, கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது. நண்பர் அனுப்பிய பழைய வரைபடத்தை நம்பவும் வேண்டாம். நிலத்தின் வகை மாறிக்கொண்டே இருக்கிறது: 2021இல் வாம்பட்–லெர்டர்டெர்க், மவுண்ட் புவாங்கோர், பிரனீஸ் என மூன்று புதிய தேசியப் பூங்காக்களை அமைப்பதாக மாநில அரசு அறிவித்தது, அவற்றுக்குள் அடங்குபவற்றில் பலரும் ஆண்டுக்கணக்கில் தேடிவந்த வனங்களும் உண்டு.

“நாலு விரற்கடை தோண்டினால் என்ன குடி முழுகிவிடும்?” என்று அந்தப் பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1869 பிப்ரவரியில் மொலியாகல் அருகே கிடைத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ என்ற எழுபது கிலோவுக்கு மேற்பட்ட கட்டி, மரவேர்களுக்கிடையில், தரைக்கு ஓர் அங்குலம் கீழேதான் கிடந்தது. 1980இல் கிங்கோவரில் டிடெக்டரால் கிடைத்த ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ 27 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஆனால் தங்கம் மட்டுமா அந்த மேல்மண்ணில் கிடக்கிறது? இந்தக் காடுகளின் காட்டு ஆர்க்கிட் செடிகள் வறண்ட மாதங்களில் கிழங்காக அதே நாலு விரற்கடை ஆழத்தில்தான் உறங்குகின்றன. ஓடைக்கரையை அடியில் குடைந்தால் அடுத்த வெள்ளத்தில் கரையே சரியும். பிளாட்டிபஸ் என்ற விலங்கு வளை தோண்டி வாழ்வதும் அந்தக் கரையில்தான்.

அதே மேல்மண்ணில் இந்த மண்ணின் பூர்வகுடிகளின் கைவேலையும் கிடக்கிறது. பெண்டிகோ வட்டாரம் ஜா ஜா வுரங் மக்களின் நாடு. 2013இல் மாநில அரசுடன் அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கிரேட்டர் பெண்டிகோ உள்ளிட்ட ஆறு பூங்காக்களின் மேலாண்மையில் அவர்களுக்குப் பங்கு உண்டு. கூர்மையான ஓரங்களோடு செதில்செதிலாகக் கிடக்கும் கல்துண்டு அவர்கள் சீவிய கருவியாக இருக்கலாம். பழைய மரத்தின் அடிமரத்தில் நீள்வட்டமாகப் பட்டை உரிந்த வடு தெரிந்தால், கேடயத்துக்கோ பாத்திரத்துக்கோ படகுக்கோ பட்டை எடுத்த இடமாக இருக்கலாம். 2006ஆம் ஆண்டின் பூர்வகுடிப் பாரம்பரியச் சட்டம் இவற்றைக் காக்கிறது. கண்டால் எடுக்காமல், நகர்த்தாமல், தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தெரிவியுங்கள். கையில் வைத்துப் படம் எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட்டாலும் அந்த இடம் சொல்லவிருந்த கதை போய்விடும்.

தங்கவேட்டைக் காலத்து மிச்சங்களும் அப்படித்தான். வட்டமான பள்ளம் ஒன்றும் நடுவில் மேடும் கண்டால், குதிரையைச் சுற்றவிட்டுக் களிமண்ணைக் கரைத்த பழைய அமைப்பாக இருக்கலாம். டிடெக்டர்காரர்களுக்கு இவை ஆசை காட்டும் இடங்கள். இவற்றைக் கலைப்பது பாரம்பரியச் சட்டப்படி குற்றமாகலாம்.

உங்கள் உயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் காடுகளில் கைவிடப்பட்ட குழிச்சுரங்கங்கள் எண்ணற்றவை. இலைச்சருகு மூடிய வாயும், உள்ளே குடைந்துபோன ஓரமுமாக இருக்கும். எட்டிப் பார்க்கும் ஆசையில் ஓரத்தில் நின்றால் தரை காலடியிலேயே பெயரும். வெறும் மணல்மேடு போலத் தெரியும் பழைய அரவைக் கழிவில் ஆர்சனிக் மிகுதியாக இருக்கக்கூடும்; தங்கத்தைப் பிரிக்கப் பாதரசமும் பயன்படுத்தினார்கள். பிள்ளைகளை அதன்மேல் விளையாட விடாதீர்கள், கை கழுவாமல் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

மாநில எல்லை தாண்டினால் கணக்கே வேறு. நியூ சவுத் வேல்ஸில் விக்டோரியாவின் சீட்டு செல்லாது. அங்கே தேசியப் பூங்காவுக்குள் தேட முடியாது, மாநில வனத்தில் தேட வன நிறுவனத்தின் தனி அனுமதி வேண்டும்.

அன்று அந்தப் பெரியவருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தேன். எங்கள் ஊர்க்காரர் என்பதற்காக அல்ல, குழிகளைப் பார்த்ததும் அவரே மண்வெட்டியை எடுத்துவிட்டார் என்பதற்காக. பதின்மூன்றையும் மூடி, காலால் மிதித்து, மேலே சருகைப் பரப்பி முடிக்க அவர்கள் இருவருக்கும் அரைமணி நேரம் ஆனது. தேநீர் எனக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. பிறகு காரைத் திருப்பாமலேயே டிடெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையைக் கடந்து மறுபக்கம் போனார்கள்.