மிக்ஸ்டேப்: கலவையும் இல்லை, நாடாவும் இல்லை

சிகாகோக்காரரான ராப் பாடகர் சான்ஸ் தி ராப்பர் 2017 பிப்ரவரியில் மூன்று கிராமி விருதுகளை வாங்கினார். அதில் ஒன்று, சிறந்த ராப் ஆல்பத்துக்கானது. விருது பெற்ற 'கலரிங் புக்'கை அவர் ஆல்பம் என்று சொல்லவில்லை, மிக்ஸ்டேப் என்றார். வெளியானபோது அதற்கு கேசட்டும் கிடையாது, சிடியும் கிடையாது. இணையத்தில் மட்டுமே கேட்கலாம். இதைப் போய் 'கலவை நாடா' என்று தமிழில் எழுதினால் எப்படி இருக்கும்? எனக்கு நாடா என்றதும் பாவாடை நாடாதான் ஞாபகம் வருகிறது.

சொல் பிறந்தபோது அதில் கலவையும் இருந்தது, நாடாவும் இருந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் போன்ற டிஜேக்கள், அதாவது இசைத்தட்டுகளைச் சுழற்றிப் பாட்டுப் போடுகிறவர்கள், ஒரு தட்டின் தாளத்தை இன்னொரு தட்டோடு இணைத்து விருந்துகளில் ஒலிக்கவிட்டார்கள். அதைப் பதிந்த கேசட்டுகள் கைமாறின, விலைக்கும் போயின. நம் ஊர் ரெக்கார்டிங் சென்டரை அறிந்தவர்களுக்கு இதில் பாதி புரிந்துவிடும். கோடு போட்ட தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்து, ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு என்று அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கிய காலம். ஆறாவது பாட்டு பெரும்பாலும் கடைசிச் சரணத்தில் அறுந்துபோகும். மீதிப் பாதி, டிஜேயின் கைவேலை. அது நம் கேசட்டில் இல்லை.

அப்புறம் சொல்லின் பொருள் நகர்ந்தது. 50 சென்ட் என்ற ராப்பர் 2000இல் சுடப்பட்டார். கொலம்பியா இசை நிறுவனம் அவரைக் கைவிட்டது, தயாராக இருந்த ஆல்பம் முடங்கியது. அவர் மற்றவர்களின் ஹிட் பாட்டுகளுடைய இசையின் மேல் தன் வரிகளைப் பாடி, 2002இல் மிக்ஸ்டேப்களாக இறக்கினார். அப்போதே நட்சத்திரமாக இருந்த ராப்பர் எமினெம் அவரைக் கேட்டது இப்படித்தான். 2003இல் வந்த 50 சென்ட்டின் முதல் ஆல்பம் முதல் வாரத்திலேயே 8,72,000 பிரதிகள் விற்றது. ஆக, ஒரு ராப்பருக்கு மிக்ஸ்டேப் என்பது நிறுவனத்தின் வாசலைச் சுற்றிக்கொண்டு போகும் வழி. இசைக்கு அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள். அதனால் 'விளம்பரத்துக்கு மட்டும்' என்று மேலே அச்சடித்துவிடுவார்கள். அந்த வாசகம் எல்லா நேரத்திலும் கைகொடுக்கவில்லை. 2007 ஜனவரியில் அட்லாண்டாவில், மிக்ஸ்டேப்களுக்குப் பேர்போன டிஜே டிராமாவின் அலுவலகத்தில் போலீஸ் புகுந்து சுமார் 81,000 சிடிகளை அள்ளிக்கொண்டு போனது.

சான்ஸ் வந்தபோது சிடியும் தேவைப்படவில்லை. பள்ளியில் பத்து நாள் சஸ்பெண்ட் ஆனபோது தொடங்கிய '10 டே' 2012இலும், 'ஆசிட் ராப்' 2013இலும் இணையத்தில் இலவசமாக வந்தன. பாட்டுகள் அவருடையவை. ஆனால் பழைய பாடல்களிலிருந்து எடுத்தாண்ட துண்டுகள் ஆங்காங்கே உண்டு. 2019இல் 'ஆசிட் ராப்' ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் போனபோது 'ஜூஸ்' என்ற பாட்டில் எடுத்தாண்ட துண்டுக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. அந்த இடத்தில் பாட்டுக்குப் பதிலாக, இதைச் சொல்லும் அவருடைய குரல்தான் அப்போது சிறிது நேரம் ஒலித்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? டிஜேக்கள் கலந்து கட்டிய பழைய வகைக்குக் கலம்பகம் கச்சிதம். பலவகை உறுப்புகள் கலந்துவரும் சிற்றிலக்கியத்தின் பெயர் அது. திருப்பள்ளியெழுச்சியில் பல பூக்கள் கலந்து தொடுத்த மாலையைக் குறிக்கிறது. கதம்பம் என்றும் சொல்லலாம், ஆனால் பூக்கடையும் சாதமும் முந்திக்கொண்டு வந்துவிடும்.

சான்ஸ் வகைக்குக் கலம்பகம் பொருந்தாது. எனக்குத் தோன்றுவது 'தனிச்சுற்றுத் தொகுப்பு'. நம் சிறுபத்திரிகைகள் பதிவு, சட்டம் என்ற தொல்லைகளைத் தவிர்க்க 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அட்டையில் போட்டுக்கொண்டு வெளிவந்தன. 'விளம்பரத்துக்கு மட்டும்' என்று அச்சடித்தவர்களின் அதே சாமர்த்தியம்தான். பேச்சில் மிக்ஸ்டேப் என்றே இருக்கட்டும், யாரும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

சான்ஸ் 2019இல் வெளியிட்ட 'தி பிக் டே'யைத்தான் தன் முதல் ஆல்பம் என்றார். அதை இசைத்தொகுப்பு என்று எழுதிவிடலாம்.